வெட்டப்படாத ஒரு கம்பி

தென்மேற்கு லண்டனில் கிளாப்பம் ஜங்ஷன் என்று ஒரு ரயில் நிலையம் இருக்கிறது. (ஆங்கில எழுத்தில் நடுவே ஒரு 'ஹ' உண்டு, உச்சரிப்பில் கிடையாது.) வாட்டர்லூவுக்கு வேலைக்குப் போகிற கூட்டமெல்லாம் இதன் வழியாகத்தான் போகும். 1988 டிசம்பர் 12, திங்கட்கிழமை காலை. பேசிங்ஸ்டோக்கிலிருந்து வந்த ரயிலின் ஓட்டுநர், தனக்கு முன்னால் பச்சையாக இருந்த சிக்னல் கிட்டே நெருங்கியதும் சட்டென்று சிவப்பாக மாறுவதைக் கண்டார். நிறுத்த இடமில்லை. விதிப்படி அடுத்த சிக்னலில் ரயிலை நிறுத்தி, இறங்கி, அங்கிருந்த தொலைபேசியில் சிக்னல் அறையைக் கூப்பிட்டார். அங்கே எந்தக் கோளாறும் இல்லை என்று பதில் வந்தது. அதற்குள் பின்னாலிருந்து பூல் நகர ரயில் வந்து மோதியது. எதிர்த்திசையில் வந்த ஒரு காலி ரயிலும் சிதைந்த பெட்டிகளில் இடித்தது. 35 பேர் இறந்தார்கள். ஏறக்குறைய 500 பேர் காயமடைந்தார்கள். முதலில் உதவிக்கு ஓடி வந்தவர்களில் பக்கத்திலிருந்த இமானுவேல் பள்ளி மாணவர்களும் உண்டு.

நான்காவதாக ஒரு ரயிலும் பின்னால் வந்துகொண்டிருந்தது. மின்சாரம் நின்றுபோனதாலும் ஓட்டுநர் விபத்தைக் கண்ணால் பார்த்துவிட்டதாலும் அது சற்றுத் தள்ளி நின்றது. அந்த ஓட்டுநர் கவனித்த ஒரு விஷயம்தான் விசாரணைக்கு முதல் பிடி. அத்தனை இடிபாடு தண்டவாளத்தில் கிடக்க, அதைக் காக்க வேண்டிய சிக்னல் சிவப்பில் இல்லை. 'எச்சரிக்கையுடன் வரலாம்' என்று மஞ்சள் காட்டிக்கொண்டிருந்தது.

இது எப்படி நடக்கும் என்று புரிய, ரயில்வே சிக்னலின் அடிப்படையைக் கொஞ்சம் பார்த்துவிடலாம். தண்டவாளத்தின் ஒவ்வொரு பகுதியிலும் சிறிய அளவு மின்சாரம் ஓடும். அது அந்தப் பகுதியின் மறுமுனையில் ஒரு ரிலேவைத் தூக்கிப் பிடித்திருக்கும். ரயில் வந்தால் அதன் சக்கரங்களும் அச்சும் இரண்டு தண்டவாளங்களையும் இணைத்துவிடும். மின்சாரம் ரிலேவை எட்டாது, ரிலே விழும், சிக்னல் சிவப்பாகும். இதன் அழகு என்னவென்றால், கம்பி அறுந்தாலும் ரிலே விழும், பேட்டரி தீர்ந்தாலும் விழும். எது கெட்டாலும் சிவப்புதான். பத்தொன்பதாம் நூற்றாண்டில் கண்டுபிடித்த ஏற்பாடு. இதைவிட எளிமையான பாதுகாப்பு உத்தியை நான் பார்த்ததில்லை.

ஆனால் இதில் ஒரு சங்கதி இருக்கிறது. ஒரு கம்பி குறைந்தால் என்ன ஆகும் என்றுதான் இந்த ஏற்பாடு யோசித்திருக்கிறது. ஒரு கம்பி அதிகமாக இருந்தால்? இருக்கக்கூடாத ஒரு கம்பி வழியாக மின்சாரம் வந்து, விழ வேண்டிய ரிலேவை விழாமல் தாங்கிப் பிடித்தால்?

கிளாப்பத்தில் அதுதான் நடந்தது. அப்போது வாட்டர்லூ வட்டாரத்தின் பழைய சிக்னல்களை மாற்றும் பெரிய வேலை ஒன்று நடந்துகொண்டிருந்தது. விபத்துக்கு இரண்டு வாரம் முன்பு, நவம்பர் 27 ஞாயிறன்று, ஒரு டெக்னீஷியன் ரிலே அறையில் புதிய கம்பியை இணைத்துவிட்டு, பழைய கம்பியை ஒரு முனையில் மட்டும் கழற்றி ஓரமாக வளைத்து விட்டார். மறுமுனை ஃப்யூஸில் அப்படியே இருந்தது. கழற்றிய முனையை நறுக்கவில்லை. அதன்மேல் புதிய இன்சுலேஷன் டேப் சுற்றாமல் பழையதையே வைத்துச் சுற்றினார். இரண்டு வாரம் ஒன்றும் ஆகவில்லை. டிசம்பர் 11 அன்று அதே அறையில் வேறொரு வேலை நடந்தபோது கம்பி அசைந்து, பழைய இடத்தில் போய்த் தொட்டுக்கொண்டது. மறுநாள் காலை விபத்து.

மென்பொருள் எழுதுகிறவர்களுக்கு இந்தக் கதை கேட்ட மாதிரி இருக்கும். 2012 ஆகஸ்ட் 1 அன்று நியூயார்க் பங்குச் சந்தையில் நைட் கேபிடல் என்ற நிறுவனம் 45 நிமிடத்தில் 44 கோடி டாலருக்கு மேல் இழந்தது. எட்டு சர்வர்களில் ஒன்றில் மட்டும் புதிய நிரல் ஏறவில்லை. அதில் கிடந்த, வருஷக்கணக்காக யாரும் பயன்படுத்தாத பழைய நிரல் விழித்துக்கொண்டது. 'இனி இது தேவையில்லை' என்று நாம் விட்டுவைப்பதெல்லாம் அப்படித்தான், ஒரு முனையில் ஃப்யூஸோடு இணைந்தே இருக்கிறது.

சரி, கிளாப்பத்தில் காரணம் கிடைத்துவிட்டதல்லவா? டெக்னீஷியன் கம்பியை வெட்டவில்லை. அவரும் அதை மறுக்கவில்லை. பல விசாரணைகள் இந்த இடத்தில் முடிந்துவிடும். ஒரு பெயர், ஒரு தண்டனை, 'இனி ஊழியர்கள் கவனமாக இருக்க வேண்டும்' என்று ஒரு சுற்றறிக்கை. விசாரணைக்குத் தலைமை ஏற்ற வழக்கறிஞர் ஆன்டனி ஹிட்டன் அங்கே நிறுத்தவில்லை. 1989 நவம்பரில் வெளியான அவருடைய அறிக்கையை இன்றைக்கும் பலர் படிப்பதற்கு அதுதான் காரணம்.

அவர் முதலில் கேட்டது: இது அன்று மட்டும் நேர்ந்த தவறா? இல்லை. பழைய கம்பியை வளைத்து விடுவது அந்த ஊழியருக்கு வருஷக்கணக்கான பழக்கம். அது தவறு என்று யாரும் அவருக்குச் சொன்னதில்லை, சரியான முறையை முறையாகக் கற்றுக்கொடுத்ததும் இல்லை. அப்படியானால் மேற்பார்வையாளர் ஏன் பார்க்கவில்லை? அன்று அவரே வெளியே வேறொரு வேலையில் கை கொடுத்துக்கொண்டிருந்தார், ஆள் பற்றாக்குறை. சோதித்துப் பார்க்க வேண்டியவர்? வரைபடத்தில் எத்தனை கம்பியோ அத்தனைதான் ரிலேயில் இருக்கிறதா என்று இன்னொருவர் எண்ணிப் பார்த்திருந்தால் போதும். ஒன்று கூடுதலாக இருப்பது தெரிந்திருக்கும். எண்ணவில்லை. எண்ணுவது தன் பொறுப்பு என்ற தெளிவே அங்கே இல்லை. அதைச் சொல்லும் சோதனை விதிமுறை 1987இல் காகிதத்தில் வந்துவிட்டது. வேலை நடக்கும் இடத்துக்கு வரவில்லை.

எல்லாவற்றுக்கும் மேலே ஓய்வு. அந்த ஊழியர் அதற்கு முந்தைய 13 வாரங்களில் ஒரே ஒரு நாள்தான் விடுப்பு எடுத்திருந்தார். யாரும் அவரைக் கட்டாயப்படுத்தவில்லை, ஓவர்டைம் அவரே விரும்பிச் செய்ததுதான். ஆனால் மொத்தத் திட்டமும் வார இறுதி ஓவர்டைமை நம்பியே போடப்பட்டிருந்தது. இதை 'அவருடைய விருப்பம்' என்று எழுதுவதா, 'திட்டத்தின் குறை' என்று எழுதுவதா? இந்த ஒரு தேர்வில் ஒரு விசாரணையின் தரம் முழுவதும் தெரிந்துவிடும் என்பது என் கருத்து.

எங்கள் துறையில் 'ஐந்து ஏன்' என்ற முறையை எல்லோரும் சொல்வார்கள். ஜப்பானில் டொயோட்டாவிலிருந்து வந்தது. ஏன் என்று ஐந்து முறை கேட்டுக்கொண்டே போனால் மூல காரணம் கிடைக்கும் என்பார்கள். பயனுள்ள பழக்கம்தான், மறுக்கவில்லை. ஆனால் அது ஒரே கோட்டில் இறங்குகிறது. கிளாப்பத்தில் கோடு இல்லை. பயிற்சி, மேற்பார்வை, சோதனை, ஓய்வு என்று நாலு பக்கமும் பிரிகிறது. ஆலமரத்துக்கு ஆணிவேர் எது என்று விழுது பக்கமாக நின்று தேடுகிற மாதிரி. இதில் ஏதாவது ஒன்று சரியாக இருந்திருந்தாலும் அந்த 35 பேரும் அன்று அலுவலகம் போய்ச் சேர்ந்திருப்பார்கள்.

இன்னொரு உறுத்தலான செய்தி. 1985இலேயே லண்டனுக்குத் தெற்கே ஆக்ஸ்டெட்டில் இதே வகைக் கோளாறு நடந்தது. சிக்னல் வேலையில் நேர்ந்த தவறு, யாரும் சாகவில்லை. மேலே சொன்ன சோதனை விதிமுறைக்கு அந்த அனுபவமும் ஒரு காரணம். அதாவது நோய் தெரிந்திருந்தது, மருந்தும் எழுதப்பட்டிருந்தது. இந்த இடத்தில் நோயின் முதலை நாடச் சொல்லும் குறளை மேற்கோள் காட்டுவது நம் வழக்கம். அந்தக் குறள் முதலைக் கண்டுபிடிப்பதோடு நிற்கவில்லை, தணிக்கும் வழியையும் தேடி, அதைப் பிழையில்லாமல் செய்தும் முடிக்கச் சொல்கிறது. மேற்கோள் காட்டுகிறவர்கள் பெரும்பாலும் பாதியிலேயே இறங்கிவிடுகிறார்கள்.

ஹிட்டன் அறிக்கையில் 93 பரிந்துரைகள் இருந்தன. பிரிட்டிஷ் ரயில் நிறுவனத்துக்கு 1991இல் இரண்டரை லட்சம் பவுண்டு அபராதம் விதித்தார்கள். தனி மனிதர் யார்மீதும் கொலைக் குற்றம் சாட்டப்படவில்லை. பாதுகாப்போடு தொடர்புள்ள வேலை செய்பவர்களுக்கு ஒரு முறைக்கு 12 மணி நேரம், வாரத்துக்கு 72 மணி நேரம் என்ற உச்சவரம்பு இந்த அறிக்கையை ஒட்டி வந்தது; ரயில்வேக்காரர்கள் அதை அவர் பெயரிலேயே அழைத்தார்கள்.

விபத்துகளை ஆராய்வதற்கென்றே பிரிட்டனில் ஒரு தனி அமைப்பு 2005இல் செயல்படத் தொடங்கியது. யார்மீதும் பழி சுமத்துவது அதன் வேலையல்ல என்று சட்டமே சொல்கிறது. நடந்ததை மக்கள் ஒளிக்காமல் சொல்ல வேண்டும் என்றால் வேறு வழியில்லை. 2017 ஆகஸ்ட் 15 காலையில் வாட்டர்லூவிலிருந்து புறப்பட்ட ஒரு பயணிகள் ரயில், அருகே நின்றிருந்த பராமரிப்பு ரயிலின் பெட்டிகளில் போய் மோதியபோது இந்த அமைப்புதான் ஆராய்ந்தது. நல்லவேளையாக யாருக்கும் பெரிய காயமில்லை. சிக்னல் சோதனைக்காகச் சேர்த்த, கட்டுப்பாட்டுக்குள் வராத வயரிங்தான் காரணம் என்று கண்டார்கள். மறுபடியும், இருக்கக்கூடாத கம்பி. கிளாப்பம் கற்றுத்தந்த பாடங்கள் ரயில்வேயின் நினைவிலிருந்து மங்கி வருகின்றனவோ என்ற கவலையை 2018இல் வந்த அறிக்கை வெளிப்படையாகவே சொன்னது. இதில் எனக்கு ஆச்சரியமில்லை. விதி புத்தகத்தில் இருக்கும். அந்த விதி ஏன் வந்தது என்று தெரிந்தவர்கள் ஓய்வு பெற்றுப் போய்விடுவார்கள். இருபது ஆண்டு கழித்து வருகிறவருக்கு, கம்பியை எண்ணிப் பார்ப்பது வெட்டி வேலையாகத் தோன்றும்.

நம் ஊர்ப் பக்கம் வருவோம். 2023 ஜூன் 2 மாலை, ஒடிசாவில் பாலசோர் அருகே பஹானகா பஜார் நிலையத்தில், சென்னைக்கு வந்துகொண்டிருந்த கோரமண்டல் எக்ஸ்பிரஸ் நேர்த் தடத்துக்கான பச்சை சிக்னலை நம்பிப் போய், பக்கத்துத் தடத்தில் நின்ற சரக்கு ரயிலில் மோதியது. 290க்கும் மேற்பட்டோர் இறந்தார்கள். மூன்று ரயில்வே ஊழியர்களை சி.பி.ஐ. கைது செய்தது. ரயில் பாதுகாப்பு ஆணையரின் அறிக்கை சொன்னது வேறு தளத்தில் இருந்தது. சிக்னல் சுற்றில் 2018இல் செய்த மாற்றத்தில் பிழை இருந்தது. விபத்தன்று ஒரு லெவல் கிராசிங் கேட்டில் தடுப்பை மாற்றும் வேலை நடந்தபோது அது வெளிப்பட்டது. ஐந்து வருஷம் தூங்கிய கம்பி.

அதே அறிக்கையில் இன்னொரு தகவலும் உண்டு. 2022 மே 16 அன்று, அதே கரக்பூர் கோட்டத்தில் பங்க்ராநயாபாஸ் என்ற நிலையத்தில், தவறான வயரிங்கால் இதேபோல ஒரு சம்பவம் நடந்திருக்கிறது. உயிர்ச்சேதம் இல்லை. அப்போதே மற்ற இடங்களையும் சோதித்துச் சரிசெய்திருந்தால் பஹானகா பஜார் விபத்து நடந்திருக்காது என்று ஆணையர் எழுதியிருக்கிறார். இரண்டுக்கும் நடுவே ஒரு வருஷமும் பதினேழு நாளும் இருந்தன.