நாத்தடையும் மொழித்தடையும்

தொல்காப்பிய எழுத்ததிகாரத்தில் மூன்றாவதாக நிற்பது பிறப்பியல். தலை, மிடறு, நெஞ்சு, பல், இதழ், நா, மூக்கு, அண்ணம் என்னும் எட்டிடங்களின் தொழிலால் காற்றானது எழுத்தொலியாகும் முறையை அது விளக்குகிறது. தமிழாசிரியர் அனைவரும் கற்ற பகுதியே அது. ஆயினும், வகுப்பில் ஒரு மாணவன் சொல் வராமல் நிற்கும்போது, தடை அவ்வெட்டிடங்களில்தான் உள்ளது என்று முடிவு கட்டிவிடலாகாது. ஒலியைச் செவ்வனே எழுப்புவது பேச்சு. சொல்லைத் தேர்ந்து, உருபு சேர்த்து, தொடராக்குவதும், பிறர் கூறும் தொடரின் பொருளை உணர்வதும் மொழி. இவற்றுள் ஒன்று பழுதுற்று மற்றொன்று நன்றாக இருத்தல் கூடும்.

ஒலிப்பிழை எளிதில் கண்ணில் படும். காதில் விழும் என்பதே பொருத்தம். 'கத்தரி' என்பதைத் 'தத்தரி' என்னும் மழலை மூன்று வயதில் இயல்பானது. ஏழு வயதிலும் நீடித்தால் கவனிக்கத்தக்கது. ழகரத்தை ளகரமாக ஒலிப்பது இவ்வகையைச் சேர்ந்ததன்று. மலேசிய, சிங்கப்பூர்த் தமிழ் வீடுகள் பலவற்றில் பெரியவர்களே 'வாளைப்பளம்' என்கின்றனர். கேட்டதைக் கேட்டவாறே சொல்லும் பிள்ளைக்குப் பயிற்சி தேவை, மருத்துவம் தேவையில்லை. 'பாசாருக்குப் போனோம்' என்று மலாய்ச் சொல்லைக் கலந்து பேசுவதும் அத்தகையதே. அச்சொல்லுக்குத் தமிழ் உருபைப் பிழையின்றிச் சேர்த்திருக்கிறதே, அதுவே அப்பிள்ளையின் மொழியறிவு பழுதற்றது என்பதற்குச் சான்று.

மொழித்தடை இவ்வாறு வெளிப்படையாகத் தோன்றுவதில்லை. இரண்டு வயது நிரம்பியும் 'பால் வேணும்' போன்ற இருசொல் தொடர் வாராமை அதன் முதல் அறிகுறியாக இருக்கலாம். "ஆண்பிள்ளை மெதுவாகத்தான் பேசும், இவன் அப்பனும் அப்படித்தான்" என்று பாட்டிமார் ஆறுதல் கூறுவதுண்டு; நாவில் வசம்பு உரைத்துத் தடவுவதும் உண்டு. தாமதமாகப் பேசும் பிள்ளைகளுள் பலர் தாமே தேறிவிடுவதால் அந்த ஆறுதல் முற்றும் பொய்யன்று. ஆனால் யார் தேறுவார், யார் தேறார் என்பதை முன்கூட்டியே அறிதல் அரிது. ஆதலின் முதற்கண் செய்யத்தக்கது செவிச் சோதனை. சளியால் நடுச்செவியில் நீர் கோத்து, பாதி கேட்டும் பாதி கேளாமலும் இருக்கும் பிள்ளை, பிறர் கண்ணுக்குக் கவனமற்ற பிள்ளையாகவே தோன்றும்.

செவியும் அறிவும் குறைவின்றி இருந்தும் சில பிள்ளைகளுக்கு மொழி மட்டும் வசப்படுவதில்லை. 'அண்ணன் பந்தை அடித்தான்' என்பதை 'அண்ணன் பந்து அடி' என்று பள்ளி வயதிலும் கூறுவர். இரண்டு கட்டளைகளை ஒருங்கே கூறினால் முதலாவதை மட்டும் செய்வர். 2017-இல் டோரத்தி பிசப் முதலிய வல்லுநர் இதற்கு 'வளர்ச்சிநிலை மொழிக் கோளாறு' என்னும் பொருள்படும் பெயரை ஏற்றனர். அமெரிக்காவில் நிகழ்ந்து 1997-இல் வெளியான ஆய்வு ஒன்று, ஐந்து வயதையொட்டிய பிள்ளைகளுள் ஏறத்தாழ 7 விழுக்காட்டினரிடம் இத்தடையைக் கண்டது. முப்பது பேர் கொண்ட வகுப்பில் இருவர் என்னும் கணக்கு இது. அவர்கள் சோம்பேறிகள் என்றோ மந்தபுத்தியினர் என்றோ பெயர் பெற்றுப் பின்வரிசையில் அமர்ந்திருத்தல் கூடும்.

இத்தகைய பிள்ளையின் பெற்றோர்க்கு ஓர் அறிவுரை அடிக்கடி கிடைக்கிறது: "வீட்டில் தமிழை விட்டுவிடுங்கள், ஒரு மொழியே போதும், இரண்டு மூன்று மொழிகள் பிள்ளையைக் குழப்பும்." நல்லெண்ணத்தோடு கூறப்படுவதேனும், ஆராய்ச்சி இதற்குத் துணை நிற்கவில்லை. கனடாவில் மொழித்தடையுள்ள ஏழு வயதுப் பிள்ளைகளை ஆராய்ந்து 2003-இல் முடிவு வெளியிட்டனர். பிரெஞ்சும் ஆங்கிலமும் ஒருங்கே கற்ற பிள்ளைகள், ஒரே மொழி கற்று அதே தடையுற்ற பிள்ளைகளைவிட இலக்கண உருபுகளில் பின்தங்கவில்லை. டவுன் நோய்க்குறியுடைய பிள்ளைகளைப் பற்றி 2005-இல் அந்நாட்டில் வெளியான ஆய்வும் இருமொழியால் கேடு விளைந்ததாகக் காணவில்லை. தமிழைப் பறிப்பதால் ஆங்கிலம் வளர்வதில்லை. பாட்டியோடு பேசும் பேச்சுத்தான் போய்விடுகிறது. ஆங்கிலத்தில் தாமே இடர்ப்படும் பெற்றோர் அதில் பேச முற்படும்போது பிள்ளையின் செவியில் விழும் மொழியும் வறண்டுவிடுகிறது.

தடை உண்மையானதாயின் அது பிள்ளையின் எல்லா மொழிகளிலும் தோன்றும். ஆங்கிலத்தில் மட்டும் தடுமாறி, தமிழில் தங்குதடையின்றிக் கதை சொல்பவனுக்கு நோய் ஏதுமில்லை. எனவே இரு மொழியிலும் சோதித்தலே முறை. மலாய் வினைச்சொல் காலத்திற்கோ இடத்திற்கோ ஏற்பத் திரிவதில்லை. தமிழ் வினைமுற்றோ காலம், திணை, பால், எண், இடம் அனைத்தையும் தாங்கி நிற்பது. மலாயில் மறைந்திருக்கும் பிழை தமிழில் வெளிப்படக்கூடும். அதைக் கண்டு சொல்லத்தக்கவர் தமிழாசிரியரே.

திக்குவாய் வேறு வகை. பெரும்பாலும் இரண்டு வயதிற்கும் ஐந்து வயதிற்கும் இடையில் தோன்றி, பலரிடம் மறைந்துவிடும். மரபுவழி அதற்குப் பெரிதும் காரணமாகிறது. "மெதுவாகச் சொல், மூச்சு வாங்கிச் சொல்" என்று இடைமறித்தலும், சொல்லைத் தாமே முடித்துத் தருதலும் உதவுவதில்லை, காத்திருத்தல் உதவும்.

பெரியவர்க்கு மொழி கெடுவது பெரும்பாலும் பக்கவாதத்தால். பாரிசு நகரின் பிசேத்ர் மருத்துவமனையில் லெபோர்ன் என்பவர் இருபது ஆண்டுகளாக எதைக் கேட்டாலும் 'டான்' என்னும் ஒலியையே விடையாகத் தந்து வந்தார். பிறர் கூறுவது அவருக்குப் பெரும்பாலும் விளங்கிற்று. 1861-இல் அவர் இறந்தபின் பால் புரோக்கா அவரது மூளையை ஆராய்ந்து, இடப்பக்க முன்மடலில் பழுது இருக்கக் கண்டார். 1874-இல் கார்ல் வெர்னிக்கே இதற்கு மாறான நிலையை விளக்கினார்: சொற்கள் சரளமாக வரும், பொருள் மட்டும் பொருந்தாது, பிறர் பேச்சும் விளங்காது.

பன்மொழியாளர்க்கு நேர்வது இன்னும் விந்தையானது. முதலில் கற்ற மொழியே எஞ்சும் என்றார் ரிபோ. நோய்க்கு முன் மிகுதியாகப் பழகிய மொழியே முதலில் மீளும் என்று 1895-இல் பித்ர் எழுதினார். இரண்டும் எல்லாரிடத்தும் பொருந்துவதில்லை. ஐம்பது ஆண்டு அலுவலகத்தில் ஆங்கிலம் பேசிய முதியவர் பக்கவாதத்திற்குப்பின் தமிழ் மட்டும் பேசலாம். ஆங்கிலம் மட்டுமே பேசி மனைவியைத் திகைக்கவைக்கவும் கூடும். அறிவு பேதலித்துவிட்டது என்று உறவினர் எண்ணி, அவரை விலக்கி அவர் எதிரிலேயே அவரைப் பற்றிப் பேசுவது கொடுமை. சிறு தொடராகப் பேசுதல், ஆம், இல்லை என்னும் விடை போதுமாறு வினவுதல், படத்தையோ பொருளையோ காட்டுதல், விடைக்கு நேரம் தருதல் ஆகியவை பயன் தரும். குரலை உயர்த்துவதால் ஆவது ஒன்றுமில்லை. பழுதுற்றது அவரது செவியன்று.