விடுதிக்குக் கிளம்பும் பிள்ளை... பெட்டியை யார் அடுக்குவது?

ஆடி பிறந்துவிட்டால் செஞ்சி வட்டாரத்தில் பல வீடுகளில் மல்லாட்டை விதைப்புக் கணக்குதான். உழவுக் கூலி, விதை, உரம் என்று கையிலிருக்கும் பணமெல்லாம் நிலத்துக்குப் போகும் நேரம். பிளஸ் டூ முடித்த பிள்ளைக்குக் கல்லூரியில் இடம் கிடைத்து, ‘இந்தத் தேதிக்குள் வந்து சேரவும்’ என்று தகவல் வருவதும் பெரும்பாலும் இதையொட்டித்தான். ‘ஆடியில புதுசா எதையும் ஆரம்பிக்கக் கூடாது’ என்று வீட்டுப் பெரியவர்கள் முணுமுணுப்பார்கள். ஆனால், கலந்தாய்வுக்கு ஆடியும் தெரியாது, ஆவணியும் தெரியாது. ஒரு பக்கம் விதை மூட்டை, மறுபக்கம் பிள்ளையின் பெட்டி என்று வீடே அல்லாடும்.

செஞ்சியை அடுத்த அனந்தபுரம் அப்படிப்பட்ட ஒரு பேரூராட்சி. செஞ்சி வரை ரயில் இன்னும் வரவில்லை. ரயிலைப் பிடிக்க விழுப்புரமோ திண்டிவனமோ போக வேண்டும். அந்த இரண்டு ஊர்களிலும் அண்ணா பல்கலைக்கழகத்தின் உறுப்புப் பொறியியல் கல்லூரிகள் இருக்கின்றன. முண்டியம்பாக்கத்தில் அரசு மருத்துவக் கல்லூரி இருக்கிறது. அங்கே இடம் கிடைத்தால் வாரக் கடைசியில் வீட்டுச் சோறு சாப்பிடலாம். சென்னை கிண்டி, கோவை வேளாண் பல்கலைக்கழகம், சிதம்பரம் அண்ணாமலைப் பல்கலைக்கழகம் என்று இடம் கிடைத்தால் விடுதிதான்.

2011 மக்கள்தொகைக் கணக்கெடுப்பின்போது தமிழகத்தின் எழுத்தறிவு விகிதம் சுமார் 80 சதவீதம். அன்றைய விழுப்புரம் மாவட்டத்தில் அது சுமார் 72 சதவீதம்தான். அந்த மாவட்டத்துப் பிள்ளைகள்தான் இன்று பெட்டியைத் தூக்கிக்கொண்டு கிளம்புகிறார்கள். குடும்பத்தில் முதன்முதலாகக் கல்லூரி வாசலை மிதிக்கப்போகிறவர்கள் இவர்களில் ஏராளம். விடுதி எப்படி இருக்கும், அங்கே யாரிடம் என்ன கேட்க வேண்டும் என்று சொல்லிக்கொடுக்க வீட்டில் ஆள் இல்லை. எனவேதான், பெட்டி கட்டும் அந்த ஒன்றிரண்டு வாரங்கள் முக்கியமானவை.

மூன்று மூட்டை வேண்டாம்

கவலை அதிகமானால் மூட்டையும் அதிகமாகும். போர்வை மூன்று, குடம் ஒன்று, ஒரு மாதத்துக்கான பலகாரம் என்று கட்டைப்பைகள் வரிசையாக வாசலில் நிற்கும். விடுதியில் ஓர் அறையில் மூன்று நான்கு பேர் இருப்பார்கள். ஒருவருக்குக் கிடைப்பது ஒரு கட்டில், ஒரு சின்ன அலமாரி, கட்டிலுக்கு அடியில் கொஞ்சம் இடம். அதில் அடங்காதது எல்லாம் அடுத்தவர் காலில்தான் இடறும்.

முதல் மாதத்துக்கு இவை போதும்: ஒரு வாரத்துக்கான உடைகள், துண்டு இரண்டு, படுக்கை விரிப்பும் போர்வையும், வாளி, மக், சோப்பு, செருப்பு, கொசுவலை, குடை, தண்ணீர் பாட்டில், தட்டு, டம்ளர். நல்ல பூட்டு ஒன்று. சாவி இரண்டு இருக்க வேண்டும். ஒன்று பையில், இன்னொன்று வேறோர் இடத்தில். கண்ணாடி போடும் பிள்ளை என்றால் மாற்றுக் கண்ணாடி. காய்ச்சல் மாத்திரை, ஓ.ஆர்.எஸ் பொட்டலம், பிளாஸ்திரி. ஆஸ்துமா, வலிப்பு போன்ற தொந்தரவு இருந்தால் மருந்தோடு மருத்துவரின் சீட்டும் போக வேண்டும். அறை நண்பர் ஒருவரிடமும் காப்பாளரிடமும் அதைச் சொல்லிவைக்கப் பிள்ளையைப் பழக்குங்கள்.

பெண் பிள்ளைக்கு இரண்டு மாதத்துக்கான நாப்கின். மின்சாரக் கெட்டில், இண்டக்ஷன் அடுப்பு போன்றவற்றைப் பல விடுதிகளில் அனுமதிப்பதில்லை. விதிமுறைத் தாளைப் படித்துவிட்டு வாங்குங்கள்.

பலகாரத்தில் கஞ்சத்தனம் வேண்டாம். அளவு மட்டும் பார்த்துக்கொள்ளுங்கள். பருப்புப்பொடி, ஊறுகாய், கடலை உருண்டை, முறுக்கு எல்லாம் கெடாமல் இருப்பவை. புதிய அறையில் டப்பாவைத் திறந்து ‘எங்க ஊர் மல்லாட்டை’ என்று நீட்டும் பிள்ளைக்கு அன்றைக்கே நாலு பேர் பழக்கமாகிவிடுவார்கள். மற்ற சாமான்களைப் போய்ச் சேர்ந்த பிறகு, தேவை பார்த்து வாங்கலாம்.

அடுக்குவது பிள்ளையின் வேலை

அம்மா எல்லாவற்றையும் மடித்து வைத்து ஜிப்பை இழுத்துவிட்டால், எது எங்கே இருக்கிறது என்று பிள்ளைக்குத் தெரியாது. முதல் நாள் இரவே ‘அம்மா, சோப்பு எங்க வச்ச?’ என்று போன் வரும். அதில் ஒரு சந்தோஷம் இருக்கலாம். ஆனால், அந்த வேலையைப் பிள்ளை செய்வதுதான் சரி.

தேவையானவற்றின் பட்டியலை மகனோ மகளோ எழுதட்டும். நீங்கள் சரிபாருங்கள். கடைக்கு அழைத்துப் போய் விலை கேட்க வையுங்கள். தன் துணியைத் தானே துவைத்து, காயவைத்து, மடிக்கட்டும். பட்டன் தைக்கட்டும். இதில் மகனுக்கும் மகளுக்கும் வித்தியாசம் வேண்டாம். ‘ஆம்பளப் புள்ளைக்கு எதுக்கு இதெல்லாம்?’ என்று வளர்த்த வீட்டுப் பையன்தான் விடுதியில் அழுக்குத் துணியோடு முதலில் திண்டாடுகிறான்.

இன்னும் சில வேலைகளை இப்போதே பழக்கலாம். வங்கிக்குத் தனியாகப் போய்ப் பணம் போடுவது, எடுப்பது. ஏ.டி.எம் ரகசிய எண்ணை யாரிடமும் சொல்லாமல் இருப்பது. ‘உதவித்தொகை வந்திருக்கு, ஓ.டி.பி சொல்லுங்க’ என்று வரும் அழைப்பைத் துண்டிப்பது. ஏமாந்துவிட்டால் உடனே 1930 என்ற சைபர் குற்ற உதவி எண்ணை அழைப்பது. கல்லூரிக்குப் போய்த் திரும்பும் வழியை ஒருமுறை பிள்ளையே விசாரித்து, டிக்கெட் எடுத்து, உங்களைக் கூட்டிப்போகட்டும்.

முதலில் காகிதங்கள்

துணியை மறந்தால் வாங்கிக்கொள்ளலாம். காகிதத்தை மறந்தால் சென்னையிலிருந்து அனந்தபுரத்துக்கு ஒரு நாள் அலைச்சல்.

பத்தாம் வகுப்பு, பிளஸ் ஒன், பிளஸ் டூ மதிப்பெண் சான்றிதழ்கள், மாற்றுச் சான்றிதழ், சாதிச் சான்றிதழ், வருமானச் சான்றிதழ், ஆதார், வங்கிக் கணக்குப் புத்தகம், பாஸ்போர்ட் அளவு புகைப்படங்கள், சேர்க்கை ஆணை ஆகியவற்றை ஒரே கோப்பில் வையுங்கள். குடும்பத்தில் முதல் பட்டதாரி என்றால் அதற்கான சான்றிதழ் வேண்டும். இவற்றில் பலவற்றுக்கு இ-சேவை மையத்தில் விண்ணப்பிக்கலாம். வருமானச் சான்றிதழ் ஓராண்டுதான் செல்லும் என்பதால் தேதியைப் பாருங்கள்.

ஒவ்வொன்றிலும் ஐந்து நகல் எடுத்து, ஒரு தொகுப்பை வீட்டிலும் வையுங்கள். போனிலும் மின்னஞ்சலிலும் படமெடுத்துச் சேமியுங்கள். அசல்களை லேமினேட் செய்ய வேண்டாம். பின்னாளில் சரிபார்ப்பின்போது சிக்கல் வரலாம்.

மதிப்பெண் பட்டியல் போன்ற அசல் ஆவணங்களைக் கல்லூரி சரிபார்த்துவிட்டுத் திருப்பித் தர வேண்டும் என்று பல்கலைக்கழக மானியக் குழு 2018-லேயே அறிவித்திருக்கிறது. எதைக் கொடுத்தாலும் எழுத்தில் ரசீது கேட்பது தவறில்லை.

அடகுக் கடைக்குப் போகும் முன்...

கல்லூரிக் கடிதம் வந்ததும் பல வீடுகளில் முதலில் கழற்றுவது அம்மாவின் நகையைத்தான். அதற்கு முன் ஒரு நாள் விசாரியுங்கள்.

ஆறாம் வகுப்பு முதல் பிளஸ் டூ வரை அரசுப் பள்ளியில் படித்தவர்களுக்கு மருத்துவத்தில் 2020 முதலும், பொறியியல், வேளாண்மை, சட்டம் போன்ற தொழிற்படிப்புகளில் 2021 முதலும் 7.5 சதவீத உள் ஒதுக்கீடு இருக்கிறது. அதில் சேர்பவர்களின் கல்விக் கட்டணத்தையும் விடுதிக் கட்டணத்தையும் அரசே ஏற்கிறது. முதல் தலைமுறைப் பட்டதாரிகளுக்குக் கலந்தாய்வு மூலம் சேரும் தொழிற்படிப்புகளில் கல்விக் கட்டணச் சலுகை உண்டு.

உயர்கல்விக்குப் போகும் அரசுப் பள்ளி மாணவிகளுக்கு மாதம் 1,000 ரூபாய் தரும் புதுமைப் பெண் திட்டம் 2022 செப்டம்பரில் தொடங்கியது. மாணவர்களுக்கான தமிழ்ப் புதல்வன் திட்டம் 2024 ஆகஸ்ட்டில் வந்தது. அரசு உதவி பெறும் பள்ளிகளில் தமிழ் வழியில் படித்தவர்களும் இவற்றில் அடக்கம். பணம் நேராகப் பிள்ளையின் கணக்குக்கு வரும். கணக்கில் ஆதார் இணைந்திருக்கிறதா என்று ஊரிலேயே பார்த்துவிடுங்கள். விண்ணப்பத்தைக் கல்லூரி மூலம்தான் கொடுக்க வேண்டும். ‘தானா வரும்’ என்று காத்திருந்து மாதங்களை இழக்க வேண்டாம்.

கல்லூரி விடுதிச் செலவு கட்டுப்படியாகவில்லை என்றால் ஆதிதிராவிடர், பழங்குடியினர், பிற்படுத்தப்பட்டோர் நலத் துறைகள் நடத்தும் அரசு விடுதிகள் இருக்கின்றன. 2025-ல் இவற்றுக்குச் சமூகநீதி விடுதிகள் என்று பெயர் மாற்றினார்கள். தங்குமிடமும் சாப்பாடும் இலவசம். கல்லூரி இருக்கும் மாவட்டத்தின் ஆட்சியர் அலுவலகத்தில் விசாரிக்கலாம்.

அதன் பிறகும் பணம் போதவில்லை என்றால், வங்கியில் கல்விக் கடன் கேட்கலாம். படிப்பு முடியும் வரை தவணை கட்ட வேண்டியதில்லை. தனியாரிடம் வட்டிக்கு வாங்குவது கடைசி வழியாக இருக்கட்டும்.

பெட்டியில் வைக்கக் கூடாத வார்த்தைகள்

எல்லாம் தயாராகி, பஸ் ஏறும் நேரத்தில் சில வார்த்தைகள் வந்து விழும். ‘உனக்காகத்தான் அம்மா செயினை வச்சிருக்கோம், மறந்துடாத.’ ‘ஏதாவது பேர் கெட்டுதுன்னா படிப்ப நிறுத்திடுவேன்.’ அக்கறையில் சொல்வதுதான். ஆனால், பிள்ளை அதை நான்கு வருடம் சுமக்கும்.

தமிழ் வழியில் படித்துவிட்டுப் போகும் பிள்ளைக்கு முதல் பருவத்தில் ஆங்கிலப் பாடம் புரியாமல் போகலாம். பள்ளியில் முதல் மதிப்பெண் வாங்கிய பெண்ணுக்கு ஒரு தாளில் அரியர் விழலாம். உடம்பு முடியாமல் போகலாம். பிடிக்காத படிப்பில் சேர்ந்துவிட்டோமோ என்று தோன்றலாம். இதையெல்லாம் வீட்டில் சொன்னால் திருத்திக்கொள்ள வழியுண்டு. ‘அடகு வச்ச நகை’ கண்முன் நின்றால் பிள்ளை சொல்லாது. ‘நல்லா இருக்கேம்மா’ என்று மட்டும் சொல்லும்.

மகளுக்கு இது இன்னும் கடினம். பஸ்ஸிலோ வகுப்பிலோ ஒருவன் தொந்தரவு கொடுக்கிறான் என்று சொன்னால் படிப்பை நிறுத்திவிடுவார்களோ என்று பயந்து, தனியாகவே சமாளிக்கப் பார்ப்பாள். அவளை இழுத்து வர மாட்டோம் என்ற உறுதி கிடைத்தால்தான் உண்மை வீட்டுக்கு வரும்.

இப்படிச் சொல்லி அனுப்பலாம்: ‘கஷ்டமா இருந்தா எங்ககிட்ட சொல்லு. மார்க்கு கொறஞ்சாலும் சொல்லு. திட்ட மாட்டோம், படிப்பையும் நிறுத்த மாட்டோம். என்ன பண்றதுன்னு சேர்ந்து யோசிப்போம்.’ பணக் கணக்கையும் மறைக்க வேண்டாம். மாதம் எவ்வளவு அனுப்ப முடியும் என்று நேராகச் சொல்லிவிட்டால், பிள்ளையும் மெஸ் கட்டணம், நகல் செலவு, பயணம் என்று திட்டமிடும். குற்ற உணர்ச்சி ஏற்றாமல் கணக்கை மட்டும் சொன்னால் போதும்.

ராகிங்: விளையாட்டு என்று விட வேண்டாம்

1996-ல் சிதம்பரத்தில் முதலாண்டு மருத்துவ மாணவர் நாவரசு கொலையானபோது தமிழகமே அதிர்ந்தது. அடுத்த ஆண்டே தமிழகத்தில் ராகிங் தடைச் சட்டம் வந்தது. இன்று சேர்க்கையின்போது ஒவ்வொரு மாணவரும் பெற்றோரும் ராகிங் எதிர்ப்பு உறுதிமொழி தர வேண்டும். அதைக் கையெழுத்துச் சடங்காக முடிக்காமல், பிள்ளையோடு உட்கார்ந்து படியுங்கள்.

தேசிய ராகிங் எதிர்ப்பு உதவி எண் 1800-180-5522. மனம் சோர்ந்தால் பேச, டெலி மானஸ் 14416. இரண்டும் இலவசம். இவற்றோடு விடுதிக் காப்பாளர், வகுப்பு ஆசிரியர், அந்த ஊரில் தெரிந்த ஒருவர் ஆகியோரின் எண்களையும் போனில் பதிவதோடு ஒரு தாளிலும் எழுதிக் கொடுங்கள். போன் தொலைந்தால் அந்தத் தாள்தான் உதவும்.

எந்த ஊர் என்று கேட்டால்...

சிற்றூரிலிருந்து போகும் பிள்ளைகள் ஊர்ப் பெயரைச் சொல்லக் கூச்சப்பட்டு, ‘விழுப்புரம் பக்கம்’ என்று முடித்துக்கொள்வார்கள். 2025 ஜூலையில் யுனெஸ்கோ உலகப் பாரம்பரியப் பட்டியலில் சேர்த்த 12 மராட்டியர் காலக் கோட்டைகளில் 11 மகாராஷ்டிராவில் இருக்கின்றன. மீதமுள்ள ஒன்று செஞ்சி. ராஜா தேசிங்கு கதையோடு வளர்ந்த பிள்ளை தாராளமாகச் சொல்லலாம், ‘செஞ்சிக்குப் பக்கத்துல அனந்தபுரம்’ என்று. நான்கு பேருக்கு முன் தன் ஊரையும் தன் பேச்சையும் மறைக்காமல் பேசப் பழகினால், வகுப்பில் சந்தேகம் கேட்கவும் வாய் வரும்.

விட்டுவிட்டு வந்த பிறகு

அறையில் சாமானை இறக்கியதும் காப்பாளரைப் பாருங்கள். மெஸ், குளியலறை, குடிநீர் இருக்கும் இடங்களைப் பிள்ளையோடு ஒருமுறை சுற்றி வாருங்கள். பிறகு கிளம்பிவிடுங்கள். கட்டிலை நீங்களே விரித்து, அலமாரியை நீங்களே அடுக்கிவிட்டு வர வேண்டாம். பக்கத்துக் கட்டில்காரரோடு பேசிக்கொண்டே அதைச் செய்ய பிள்ளைக்கு ஒரு வேலை இருக்கட்டும்.

முதல் சில வாரங்கள் அழுகை வரும். ‘சோறு பிடிக்கல, ஊருக்கு வரேன்’ என்பார்கள். சாதாரண ஏக்கம் நாளாக நாளாகக் குறையும். சாப்பிடாமல், தூங்காமல், போனை எடுக்காமல் இருந்தால் சும்மா இருக்காதீர்கள். நேரில் போய்ப் பாருங்கள். மற்றபடி, தினம் ஒரு நேரம் வைத்துப் பேசினால் போதும். மணிக்கொரு தரம் கூப்பிட்டால் பிள்ளைக்கு அங்கே மனம் ஒட்டாது. ‘சாப்பிட்டியா?’ என்று கேட்டுவிட்டு, ‘இன்னிக்கு யார்கூடப் பேசின?’ என்றும் கேளுங்கள்.

வீட்டிலும் ஒருவர் கவனிக்கப்படாமல் இருப்பார். அக்காவோ அண்ணனோ போன பிறகு தனியாகப் படுக்கும் தம்பி, தங்கை. பேரனைத் தேடும் பாட்டி. வீடியோ காலில் அவர்களுக்கும் ஐந்து நிமிடம் கொடுங்கள்.

முதல் விடுமுறைக்குப் பிள்ளை வீட்டுக்கு வரும்போது, கொண்டுபோனதில் எது பயன்பட்டது, எது மூட்டை பிரிக்காமலே கிடக்கிறது என்று கேளுங்கள். பயன்படாததை வீட்டில் இறக்கிவிட்டு, தேவையானதை அடுத்த முறை பிள்ளையே அடுக்கிக்கொண்டு போகட்டும்.