பள்ளியில் முந்திய ஐக்கியம்

ஜேம்ஸ் லிஞ்ச் என்ற மெதடிஸ்டு ஊழியர் 1817ஆம் ஆண்டு யாழ்ப்பாணத்திலிருந்து சென்னைக்கு வந்து ராயப்பேட்டையில் தங்கிப் பிரசங்கிக்கத் தொடங்கியது முதல், வெஸ்லியன் மிஷனுக்கு இந்நகரத்தில் கோயில்களும் பள்ளிக்கூடங்களும் ஒவ்வொன்றாக எழுந்தன. ஆயினும் குருமார்களைப் பயிற்றுவிக்கும் உயர்கல்வி என்று வந்தபோது, வேதசாஸ்திரப் பண்டிதர்களையும் நூலகத்தையும் தனித்தனியே வைத்துப் பராமரிப்பது எந்த மிஷனுக்கும் எளிதாக இல்லை.

ஆதலால் 1910ஆம் ஆண்டில், வெஸ்லியன் மெதடிஸ்டுகளும் லண்டன் மிஷனும் ஸ்காட்லாந்துச் சபையாரும் ஆற்காடு, மதுரை ஆகிய அமெரிக்க மிஷன்களும் கைகோத்துப் பெங்களூரில் ஐக்கிய இறையியல் கல்லூரியை ஸ்தாபித்தார்கள். அதன் முதல்வராக அமர்ந்த லார்சன், டென்மார்க்கிலிருந்து வந்து சென்னையில் ஊழியஞ் செய்தவர். பிற்காலத்தில் தமிழ் வேதாகமத்தைத் திருத்தி மொழிபெயர்க்கும் பணியில் முதன்மையாக நின்றவர். இத்தனை பெருமைக்கும் நடுவே, அந்நாற்காலியில் ஓர் இந்தியர், ஜே. ரஸ்ஸல் சந்திரன், அமர்வதற்கு 1954 வரை காத்திருக்க நேர்ந்தது என்பது மெச்சத்தக்க விஷயமன்று.

நான் வசிக்கும் கொட்டிவாக்கம் 2011இல் சென்னை மாநகராட்சியோடு சேர்க்கப்பட்டது; அதற்கு ஓர் அரசாணை போதுமானதாயிற்று. கல்லூரிக்காகக் கைகோத்த சபைகள் தாமே ஒன்றாய்ச் சேர்வதோ அவ்வளவு சுலபமாக முடிவதன்று. எங்கள் ஊரைத் தொட்டுச் செல்லும் கிழக்குக் கடற்கரைச் சாலையிலேயே தெற்கே போனால் வரும் தரங்கம்பாடியில், 1919ஆம் ஆண்டு மே மாதம் பேராயர் அசரியா முதலானோர் கூடி ஒற்றுமைக்கு அறைகூவல் விடுத்தார்கள். பேராயர் கைவைத்து அபிஷேகம் பெறாத குருவானவர் நற்கருணை வழங்கலாமா என்பது போன்ற விவாதங்களிலேயே இருபத்தெட்டு ஆண்டுகள் உருண்டோடிய பிறகு, 1947 செப்டம்பர் 27 அன்று, சென்னை கதீட்ரலில் தென்னிந்தியத் திருச்சபை உதயமாயிற்று. ஆங்கிலிக்கரோடும் பிறரோடும் பிரிட்டிஷ் மெதடிஸ்டுகள் அதில் கலந்தார்கள். அமெரிக்க மெதடிஸ்டு சபையும் லுத்தரன் சபைகளும் வெளியே நின்றுவிட்டன.

அப்படி வெளியே நின்ற லுத்தரன் சபையே 1969இல் கல்விக்காக உள்ளே வந்ததுதான் இவ்வரலாற்றின் ருசிகரமான அத்தியாயம். தென்னிந்தியத் திருச்சபையார் நாசரேத்துக்கு அருகே திருமறையூரில் நடத்திவந்த கல்லூரியும், தரங்கம்பாடி லுத்தரன் கல்விச்சாலையும் இணைந்து, மதுரை அரசரடியில் தமிழ்நாடு இறையியல் கல்லூரி தோன்றிற்று. பாடம் தமிழில்; பட்டமோ மிஷனெரி கேரியும் அவர் தோழர்களும் 1818இல் தொடங்கிய செராம்பூர் கல்லூரியின் வழியில் வருவது. மாணவர்கள் வளாகத்தை விட்டு வெளியேறிச் சேரிப் பகுதிகளில் மக்களோடு குடியிருந்து கற்கும் வழக்கத்தை இக்கல்லூரி ஏற்படுத்திற்று. கர்நாடக ராகங்களில் கீர்த்தனை பாடிப் பழகிய வழிபாட்டில் கிராமத்து மெட்டுகளைப் புகுத்தியவர், இங்கே ஆசிரியராக இருந்த தியோபிலஸ் அப்பாவு. ‘பரட்டை’ என்றால்தான் பலருக்குத் தெரியும். எல்லாச் சாதியாரும் ஒரே உலையில் பொங்கி ஒன்றாக உண்பதே திருவிருந்தின் பொருள் என்று அவர் இடித்துரைத்தார். கல்லூரிகளை இணைத்தவர்கள் சபைப்பிரிவுகளை மட்டுமே கணக்கில் கொண்டார்கள். அவற்றினும் ஆழமான பிரிவைச் சுட்டிக்காட்ட ஒரு பாட்டுக்காரர் வேண்டியிருந்தது.

லுத்தரன் திருச்சபை இன்றளவும் தென்னிந்தியத் திருச்சபையோடு ஒன்றாகவில்லை. ஆயினும் இரு சபைகளின் குருமாணவர்களும் அரசரடியில் ஒரே வகுப்பில்தான் படிக்கிறார்கள்.