ஒரு லயத்துக்கு ஒரு கைத்தொலைபேசி

கொத்மலை நீர்த்தேக்கத்துக்காக வயலையும் வீட்டையும் விட்டுக் கிளம்பிய குடும்பங்களை நம்மில் வயதானவர்கள் மறந்திருக்க மாட்டார்கள். 1985ஆம் ஆண்டு கட்டி முடிக்கப்பட்ட அந்த அணையின் நீருக்குள் பல கிராமங்கள் மறைந்தன. ஒரு பகுதிக் குடும்பங்கள் மகாவலியின் வறண்ட பிரதேசக் குடியேற்றங்களுக்குப் போயின. மறுபகுதி அணையைச் சுற்றியிருந்த தேயிலைக் காணிகளில் குடியேறியது. அந்த மக்களை மனதில் வைத்து 1989இல் கொத்மலை சமூக வானொலி ஆரம்பிக்கப்பட்டது.

அந்தச் சிறிய வானொலி 1990களின் கடைசியில் ஒரு புதுமையான காரியத்தைச் செய்தது. அப்போது மலைநாட்டில் இணையம் என்ற சொல்லையே கேள்விப்படாதவர்கள்தான் அதிகம். யுனெஸ்கோவின் உதவியுடன் நிலையத்துக்கு ஓர் இணைய இணைப்பு கிடைத்தது. நேயர்கள் தங்கள் கேள்விகளை வானொலிக்கு அனுப்புவார்கள். அறிவிப்பாளர்கள் இணையத்தில் தேடி, ஆங்கிலத்தில் கிடைத்ததை ஊரார் மொழியில் விளக்கி, ஒலிபரப்பிலேயே பதில் சொல்வார்கள். கம்பளை, நாவலப்பிட்டி பொது நூலகங்களிலும் மக்கள் வந்து பாவிக்கக் கணினி வைத்தார்கள். இணைப்பு இருந்தது ஒரு சில இடங்களில்தான். பயன் பெற்றதோ வானொலிப் பெட்டி வைத்திருந்த வீடெல்லாம்.

இன்று நிலைமை தலைகீழாக இருக்கிறது. ஏறக்குறைய ஒவ்வொரு காம்பராவிலும் ஒரு கைத்தொலைபேசி இருக்கிறது. கொத்மலை நிலையத்தில் அன்றிருந்த கணினியைவிட வல்லமை கூடிய கருவி அது. ஆனால் பாட்டுக் கேட்பதோடும், கொழும்பில் வேலை செய்யும் மகனுடன் பேசுவதோடும் அதன் வேலை முடிந்துவிடுகிறது. மகனோடு பேசுவதைக் குறைவாகச் சொல்லவில்லை. அதே காசுக்கு, அதே கருவியிடம் இன்னும் வேலை வாங்கலாம் என்பதே இக்கட்டுரையின் நோக்கம். மண்சரிவால் இடம்பெயர்ந்து பள்ளிக்கூடத்திலோ உறவினர் வீட்டிலோ இருக்கும் குடும்பங்களுக்கு இது இன்னும் பொருந்தும். அவர்கள் கையில் மிஞ்சிய உடைமை பல வேளைகளில் அந்தத் தொலைபேசி ஒன்றுதான்.

முறை வைத்து எரியும் விளக்கு

2025 நவம்பர் கடைசியில் வந்த தித்வா புயலின்போது நாடு முழுவதும் 600க்கும் மேற்பட்டோர் உயிரிழந்தனர். கண்டி, நுவரெலியா, பதுளை மாவட்டங்களில் மண்சரிவே பெரிய காலனாக வந்தது. பல இடங்களில் மின்சாரம் அற்றுப்போனது. அதோடு தொலைபேசிக் கோபுரங்களும் ஓய்ந்தன. அந்த மாதிரி நாட்களில் பற்றரியில் மிச்சமிருக்கும் ஒவ்வொரு கோடும் பெறுமதியானது.

பற்றரியைத் தின்பது பேச்சு மட்டும் என்று எண்ணுகிறோம். உண்மையில் சிக்னல் குறைந்த இடத்தில் சும்மா கிடக்கும் தொலைபேசிதான் வேகமாகத் தீர்ந்துபோகும். கோபுரத்தைத் தேடித் தேடி அது தன் பலத்தைக் கூட்டிக்கொண்டே இருக்கும். பள்ளத்திலும், மலைக்கு மறைவான லயங்களிலும் காலையில் நிறைத்த சார்ஜ் மத்தியானத்துக்குள் இறங்குவதற்கு இதுவே முக்கிய காரணம். சிக்னல் இல்லாத இடத்தில் விமானப் படம் போட்ட பொத்தானை அழுத்தி வைத்துவிட்டு, மேட்டுக்குப் போகும்போது திறந்துகொள்ளுங்கள். திரையின் வெளிச்சத்தைப் பாதியாகக் குறையுங்கள். வாட்ஸ்அப்பில் வரும் படங்களும் வீடியோக்களும் தாமாக இறங்குவதை அமைப்பில் நிறுத்தி வைத்தால் டேட்டாவும் மிஞ்சும், பற்றரியும் மிஞ்சும்.

நுவரெலியாப் பக்கத்துக் குளிரும் பற்றரிக்கு ஆகாது. இராத்திரி ஜன்னல் ஓரத்தில் வைத்த தொலைபேசி விடியற்காலையில் திடீரென அணைந்துபோவது பழுது அல்ல. குளிரில் பற்றரி சோர்ந்துவிடுகிறது, சூடேறியதும் கொஞ்சம் மீளும். சட்டைப் பையிலோ கம்பளிக்குள்ளோ வைத்திருந்தால் போதும். ஆனால் சார்ஜில் போட்டபடி கம்பளிக்குள் வைக்காதீர்கள். அங்கே சூடு வெளியேற வழியில்லை.

ஆபத்து வேளையில் ஒரு லயத்தில் பத்துத் தொலைபேசிகளும் ஒன்றாக எரிந்து ஒன்றாக அணைவதில் என்ன பயன்? மழை அடைத்துப் பெய்யத் தொடங்கினால் இரண்டை மட்டும் திறந்து வைத்து, மற்றவற்றை அணைத்து வையுங்கள். அவை தீரும்போது அடுத்த இரண்டு. எந்த வீட்டுத் தொலைபேசி எப்போது என்பதை லயத்தார் முன்கூட்டியே பேசி வைத்துக்கொள்ள வேண்டும். அழைப்பு எடுபடாத இடத்திலும் குறுஞ்செய்தி போய்ச் சேரும் வாய்ப்பு அதிகம். ஆகவே மூச்சு முட்ட அழைத்துக்கொண்டிருக்காமல், இருக்கும் இடம், எத்தனை பேர், என்ன தேவை என்று நாலு சொல் எழுதி அனுப்புங்கள்.

இன்னொரு சிறு காரியம். தொலைபேசி அணைந்தால் மகளின் இலக்கம்கூட நமக்கு நினைவில் இருப்பதில்லை. முக்கியமான ஏழெட்டு இலக்கங்களைக் கடதாசியில் எழுதிப் பொலித்தீனில் சுற்றி அடையாள அட்டையோடு வையுங்கள். அனர்த்த முகாமைத்துவ நிலையம் 117, அம்புலன்ஸ் 1990, பொலிஸ் 119 என்பவை அதில் முதலில் இருக்கட்டும்.

மழையை அளப்பது

2014 ஒக்டோபர் 29ஆம் திகதி கொஸ்லந்தை மீரியபெத்தையில் லயங்கள் மண்ணுக்குள் போனதை நாம் அறிவோம். ஆபத்தான இடம் என்று முன்பே சொல்லப்பட்ட இடம் அது. எச்சரிக்கை கடதாசியில் இருந்தால் போதாது, காம்பராவின் கதவுவரை வர வேண்டும்.

மண்சரிவு எச்சரிக்கையை விடுப்பது தேசிய கட்டிட ஆராய்ச்சி நிறுவனம். அது மூன்று நிறங்களில் வரும். மஞ்சள் என்றால் விழிப்பாயிருங்கள். செம்மஞ்சள் என்றால் புறப்பட ஆயத்தமாகுங்கள். சிவப்பு என்றால் வெளியேறுங்கள். இதற்குப் பொதுவாகக் கொள்ளப்படும் மழை அளவுகள் 24 மணித்தியாலத்தில் 75, 100, 150 மில்லிமீற்றர். ஒரே மணித்தியாலத்தில் 75 மில்லிமீற்றர் கொட்டினாலும் வெளியேற வேண்டிய நிலைதான்.

எச்சரிக்கை மாவட்டத்துக்கோ பிரதேச செயலகப் பிரிவுக்கோ வரும். மழை மலைக்கு மலை மாறும். பக்கத்து டிவிசனில் தூறலாக இருக்கும்போது நமது தலைக்கு மேல் கொட்டும். ஆகவே நாமே அளக்கலாம். மேலிருந்து கீழ்வரை ஒரே அகலமுள்ள ஒரு டின்னை, கூரைத் தண்ணீரும் மரத்துத் தண்ணீரும் விழாத வெட்டவெளியில் நேராக வையுங்கள். காலை ஒரே நேரத்தில் பள்ளிப் பிள்ளையின் அடிமட்டத்தை உள்ளே விட்டு, தண்ணீர் எத்தனை மில்லிமீற்றர் நிற்கிறது என்று பாருங்கள். அடிமட்டத்தில் பூச்சியம் விளிம்பிலிருந்து தொடங்காவிட்டால் அந்த இடைவெளியையும் சேர்க்க வேண்டும். அளவைப் படம் பிடித்து லயத்து வாட்ஸ்அப் குழுவில் போடுங்கள். படத்தில் திகதியும் நேரமும் தாமாகப் பதிந்துவிடும். அடைமழை நாளில் மணிக்கொரு தரம் பாருங்கள். சுவரிலோ தரையிலோ புது வெடிப்பு, சாய்ந்த மரம், திடீரெனக் கலங்கிய ஊற்று, இறுகித் திறக்க முடியாத கதவு ஆகியவற்றைக் கண்டால் அளவையும் அறிவிப்பையும் எதிர்பார்த்திருக்க வேண்டாம். முதலில் வெளியேறுங்கள். படம் எடுப்பது பாதுகாப்பான இடத்துக்குப் போன பிறகு.

டேட்டா இல்லாமலே செய்தி கேட்க வழியுண்டு. குறைந்த விலைத் தொலைபேசிகள் பலவற்றில் எப்.எம். வானொலி இருக்கிறது. வயர் உள்ள காதுக்கருவியைச் செருகினால் அந்த வயரே அன்டெனாவாக வேலை செய்யும். இணையமும் வேண்டாம், ரீலோட்டும் வேண்டாம். புதிதாகத் தொலைபேசி வாங்கும்போது கமெராவைப் பார்ப்பதற்கு முன் இந்த வசதி உண்டா என்று கேளுங்கள் என்பது எனது அபிப்பிராயம். கடைக்காரர் சிரித்தால் சிரிக்கட்டும்.

நனைந்துவிட்டால்

கொழுந்து மலையில் மடியில் கட்டிய தொலைபேசி மழையிலும் வேர்வையிலும் நனைவது தினசரி நடப்பது. நனைந்ததும் அணைத்துவிடுங்கள். 'வேலை செய்கிறதா' என்று அழுத்திப் பார்ப்பதும், சார்ஜில் போடுவதும்தான் அதைக் கொல்லுகின்றன. மூடியும் பற்றரியும் கழலுமானால் கழற்றி, துணியால் ஒற்றி, துவாரம் கீழே பார்க்கக் காற்றோட்டமான இடத்தில் ஒரு நாளாவது வையுங்கள். அரிசிக்குள் புதைக்கும் பழக்கம் பரவியிருக்கிறது. அரிசித் தூள் துவாரத்துக்குள் போய் இன்னும் கெடுக்கும். அடுப்பங்கரையும் கூடாது. பாண் வாங்கும் பொலித்தீன் பையொன்றை மடித்துச் சுற்றிக்கொண்டு மலைக்குப் போனால் இந்தப் பாடே இல்லை.

பத்திரங்களும் சம்பளமும்

மண்ணோடு போன வீட்டைக் கட்டலாம். பிறப்புச் சான்றிதழ், அடையாள அட்டை, பாடசாலை விடுகைப் பத்திரம், வங்கிப் புத்தகம், சேமலாப நிதி அட்டை, காணிக் கடதாசி ஆகியவை போனால் அலுவலகம் அலுவலகமாக அலைய வேண்டும். இன்றே எல்லாவற்றையும் பகல் வெளிச்சத்தில், நிழல் விழாமல், இரண்டு பக்கமும் படம் எடுங்கள். வெளியூரில் உள்ள நம்பிக்கையான உறவினர் ஒருவருக்கு அனுப்பி வையுங்கள். வாட்ஸ்அப்பில் சாதாரணப் படமாக அனுப்பினால் எழுத்து மங்கும். 'டொக்கியுமென்ட்' என்ற வழியால் அனுப்பினால் தெளிவு கெடாது. படம் மூலப் பத்திரத்துக்கு ஈடாகாது. ஆனாலும் இலக்கமும் திகதியும் கையில் இருந்தால் புதிய பிரதி எடுப்பது பாதி இலகுவாகும்.

சிங்களத்தில் வரும் கடிதத்தைப் பிடித்துக்கொண்டு கடைவீதியில் ஆள் தேடுபவர்கள் கூகுள் மொழிபெயர்ப்பில் அதைப் பார்க்கலாம். உத்தேசமான பொருள் தமிழில் தெரியும். கையெழுத்து போடுமுன் அதை மட்டும் நம்பிவிட வேண்டாம்; சட்டச் சொற்களில் அது தடுமாறும். தமிழும் இந்நாட்டின் அரச கரும மொழி. தமிழில் கடிதம் கேட்பது நமது உரிமை என்பதையும் மறக்க வேண்டாம். எழுதத் தெரியாத பெரியவர்கள் விசைப்பலகையில் உள்ள மைக் படத்தை அழுத்தித் தமிழில் பேசினால் அது எழுத்தாக விழும். குரல் செய்தியாக அனுப்புவது அதைவிட இலகு.

சம்பளச் சீட்டையும் ஒவ்வொரு மாதமும் படம் எடுத்து வையுங்கள். தொலைபேசியிலுள்ள கணிப்பானில் ஒரு கணக்குப் பாருங்கள். ஊழியர் சேமலாப நிதிக்கு நமது சம்பளத்திலிருந்து நூற்றுக்கு 8, தோட்ட நிர்வாகம் தன் பங்காக 12. ஊழியர் நம்பிக்கை நிதிக்கு நிர்வாகம் 3. கணக்கில் வரும் சம்பளம் 30,000 ரூபா என்றால் நம்மிடம் 2,400 வெட்டப்படும். நிர்வாகம் 3,600 சேர்த்து மொத்தம் 6,000 சேமலாப நிதிக்குப் போக வேண்டும். நம்பிக்கை நிதிக்கு வேறாக 900. வெட்டிய தொகை ஒன்றாகவும் நிதியில் சேர்ந்த தொகை வேறொன்றாகவும் இருந்தால், வரிசையாக இருக்கும் அந்தப் படங்கள்தான் சாட்சி. கொழுந்து நிறுவையையும் அன்றன்றைக்குக் குறித்து வைக்கலாம்.

தோட்டமும் சந்தையும்

லீக்ஸ், கரட், உருளைக்கிழங்கு போடும் குடும்பங்கள் மூட்டை கட்டிய பிறகுதான் விலை கேட்கின்றன. அப்போது பேரம் பேச இடமில்லை. 2000களில் தம்புள்ளைச் சந்தை விலைகளைத் தொலைபேசி மூலம் விவசாயிகளுக்குச் சொல்லும் முயற்சிகள் நடந்தன. விலை தெரிந்தவனோடு வியாபாரி வேறு மாதிரிப் பேசுவான் என்பதே அவற்றின் அடிப்படை. இன்று ஹெக்டர் கொப்பேகடுவ கமநல ஆய்வு நிறுவனமும் மத்திய வங்கியும் சந்தை விலைகளை இணையத்தில் வெளியிடுகின்றன. ஒரு பிள்ளை காலையில் பார்த்து லயத்துக் குழுவில் போட்டால் எல்லோருக்கும் உதவும். கொத்மலை வானொலி அன்று செய்ததும் அதுதானே. அறுவடைக்கு முன்தினம் வெவ்வேறு இடத்து இரண்டு வியாபாரிகளிடமாவது விலை கேட்டு, லொறிக்கூலியைக் கழித்துப் பாருங்கள்.

பயிரில் நோய் கண்டால் விவசாயத் திணைக்களத்தின் 1920 இலக்கத்துக்குப் பேசலாம். பேசுமுன் இலையின் மேற்புறம், கீழ்ப்புறம், வேர், முழுச் செடி என்று படம் எடுத்து வைத்துக்கொள்ளுங்கள். புள்ளியின் பருமன் தெரிய ஒரு இரண்டு ரூபாய்க் குற்றியைப் பக்கத்தில் வைப்பது நல்லது. எப்போது நட்டது, கடைசியாக என்ன மருந்து அடித்தது என்று கேட்பார்கள். மருந்துப் போத்தலின் லேபலையும் ஒரு படம் எடுத்து வைத்தால் தடுமாற வேண்டியதில்லை.

கடைசியாக, நிவாரணப் பணம் வந்திருக்கிறது, பரிசு விழுந்திருக்கிறது என்று அழைத்து, தொலைபேசிக்கு வந்த இரகசிய இலக்கத்தைக் கேட்பவர்கள் இருக்கிறார்கள். அனர்த்தம் நடந்த கையோடு இவர்கள் தொகை கூடும். எந்த வங்கியும் அந்த இலக்கத்தைத் தொலைபேசியில் கேட்பதில்லை. அழைப்பை வைத்துவிட்டு, வங்கிப் புத்தகத்தோடு நேரில் போய் விசாரியுங்கள். தொலைபேசி களவு போனால் முறைப்பாட்டுக்கு அதன் அடையாள இலக்கம் தேவைப்படும். *#06# என்று அழுத்தினால் 15 இலக்கங்கள் திரையில் வரும். அதையும் அந்தப் பொலித்தீன் கடதாசியில் எழுதி வையுங்கள்.