பீப்... பீப்... கத்துது கம்ப்யூட்டர்! "போர்டு போச்சு" என்று சொல்லலாமா?



கம்ப்யூட்டரை ஆன் பண்ணினால் ஃபேன் சுத்துது, லைட் எரியுது. ஆனா மானிட்டரில் ஒண்ணுமே வரலை. உள்ளே இருந்து 'பீப்... பீப்...' என்று சத்தம் மட்டும் வருது. உடனே நம்மில் பலர் சொல்வது, "மதர்போர்டு போச்சுப்பா!" அதோடு கம்ப்யூட்டர் மூலைக்குப் போய்விடும். 2011-ல் தமிழக அரசு கொடுக்க ஆரம்பித்த விலையில்லா மடிக்கணினி உங்கள் அண்ணன், அக்காவிடம் இருந்தால், அதுவும் இப்படிப் பரண்மேல் தூங்கலாம். ஆனால் கோளாறு பல நேரம் போர்டில் இருக்காது. ரேம் என்ற சின்னப் பட்டையில், அல்லது அது உட்காரும் ஸ்லாட்டில் இருக்கும்.

ரேம் என்றால் என்ன?

ஹார்டு டிஸ்க் நம்ம நோட்டு மாதிரி. எழுதினது அப்படியே இருக்கும். ரேம் கரும்பலகை மாதிரி. பாடம் நடக்கும்போது எழுதுவோம், பீரியட் முடிஞ்சதும் அழிச்சிடுவோம். கரும்பலகையே இல்லாமல் கணக்குப் பாடம் நடக்குமா? அதுபோல ரேம் இல்லாமல் கம்ப்யூட்டரால் முதல் படியைக்கூடத் தாண்ட முடியாது. திரையில் எழுதிக் காட்ட முடியாததால்தான் சத்தம் போட்டுச் சொல்லுது. எத்தனை பீப் என்பது போர்டுக்கு போர்டு மாறும். அதன் கையேட்டில் பார்க்கணும்.

ஏன் வருகிறது?

ரேமின் கீழ் விளிம்பில் தங்கமுலாம் பூசிய கால்கள் வரிசையாக இருக்கும். டெஸ்க்டாப் டிடிஆர் 3-ல் 240, டிடிஆர் 4-ல் 288. இவை எல்லாம் ஸ்லாட்டில் உள்ள மெல்லிய தகடுகளைத் தொடணும். நம்ம வேங்கிக்காலில் சித்திரை வெயிலில் தூசி, ஐப்பசி கார்த்திகை மழையில் ஈரம். இரண்டும் சேர்ந்தால் அழுக்கு படியும், தொடர்பு விட்டுப்போகும்.

என்ன செய்யலாம்? (பெரியவர்கள் துணையோடு மட்டும்!)

1. சுவிட்சை அணைத்து, பிளக்கைப் பிடுங்குங்கள். லேப்டாப் என்றால் பேட்டரியையும் கழற்றணும்.

2. கேபினெட்டின் பெயின்ட் இல்லாத இரும்பைத் தொடுங்கள். நம் உடம்பில் உள்ள நிலைமின்சாரம் சிப்பைக் கெடுத்துவிடும்.

3. ஸ்லாட்டின் கிளிப்பை விலக்கி ரேமை எடுங்கள். விளிம்பைப் பிடிக்கணும், தங்கக் கால்களைத் தொடக்கூடாது.

4. மெத்தென்ற பென்சில் ரப்பரால் அந்தக் கால்களை லேசாகத் தேய்த்து, துகளைத் துடையுங்கள். உப்புத்தாள் கூடவே கூடாது! ஸ்லாட்டை உலர்ந்த மெல்லிய பிரஷ்ஷால் தட்டினால் போதும். வாயால் ஊதாதீர்கள், எச்சில் படும்.

5. ரேமில் உள்ள வெட்டும் ஸ்லாட்டில் உள்ள மேடும் பொருந்தணும். டிடிஆர் 2, டிடிஆர் 3 இரண்டுக்கும் 240 கால்தான், ஆனா வெட்டு வேற இடத்தில் இருக்கும். அமுக்கித் திணித்தால் ஸ்லாட் உடையும். சரியாக உட்கார்ந்தால் டெஸ்க்டாப்பில் 'டக்' என்று கிளிப் பூட்டிக்கொள்ளும்.

குற்றவாளி யார்?

இரண்டு ரேம் இருந்தால் ஒரு நேரத்தில் ஒன்றை மட்டும் போட்டுப் பாருங்கள். ஒவ்வொரு முறையும் ஒரே ஒரு மாற்றம்தான். எல்லாத்தையும் சேர்த்து மாத்தினா எது கெட்டதுன்னே தெரியாது.

* ஒரு ரேம் எந்த ஸ்லாட்டிலும் ஓடலை, இன்னொன்று ஓடுது: ரேம் கெட்டது.
* ஒரு ஸ்லாட்டில் மட்டும் எந்த ரேமும் ஓடலை: ஸ்லாட் கெட்டது. மற்ற ஸ்லாட்டை வைத்தே ஓட்டலாம். (சில போர்டில் ஒற்றை ரேமை இந்த ஸ்லாட்டில்தான் போடணும் என்று இருக்கும். முதலில் கையேட்டைப் பாருங்கள்.)
* எதுவுமே எதிலும் ஓடலை: இப்போதுதான் போர்டு, பவர் சப்ளை, பிராசசர் மேல் சந்தேகப்படணும். மெக்கானிக்கிடம் போகலாம்.

ஆன் ஆகி நடுவில் நீலத்திரை வந்து நின்றால்? விண்டோஸில் உள்ள மெமரி டயக்னாஸ்டிக், அல்லது மெம்டெஸ்ட் 86 வைத்துச் சோதிக்கலாம். பிழை காட்டினால் அந்த ரேமோடு வேலை செய்யாதீர்கள். சேமிக்கும் ஃபைலே கெட்டுப்போகலாம்.

"உள்ளே இருக்கும் போட்டோ, புராஜெக்ட் எல்லாம் போயிடுமா?" என்று கேட்பீர்கள். ரேம் சரியாக உட்காராமல் கம்ப்யூட்டர் ஆன் ஆகலை என்றால் அவை அழியாது. நோட்டு பத்திரம், கரும்பலகைதான் கழன்றிருக்கு!

உங்களுக்குத் தெரியுமா?

இந்த வகை மெமரியை 1966-ல் ஐபிஎம்மில் யோசித்தவர் ராபர்ட் டென்னார்ட். இதில் மின்னூட்டம் கசிந்துகொண்டே இருப்பதால், வழக்கமாக வினாடிக்கு 15 முறைக்கு மேல் புதுப்பிக்கணும். கரண்ட் நின்றதும் மறந்துபோவது இதனால்தான்.

நண்பர்களே, பதறாத காரியம் சிதறாது. லேபில் பீப் சத்தம் கேட்டால் முதலில் ஆசிரியரிடம் சொல்லுங்கள். சோதித்துப் பார்க்காமல் "போர்டு போச்சு" என்று மட்டும் சொல்லாதீர்கள்!