நாயுடன் நெடுவழி

தருமபுத்திரர் தமது இறுதிப் பயணத்தில், தம்மைத் தொடர்ந்து வந்த நாயை விட்டுவிட்டுத் தேவேந்திரனுடைய தேரில் ஏற மறுத்தார் என்று மகாபாரதம் கூறுகிறது. நாமோ நாயை நமது மோட்டார் வண்டியிலேயே ஏற்றிக்கொண்டு செல்கிறோம். ஆனால், வழியில் வண்டியை நிறுத்தும்போது அதனை உள்ளே விட்டுவிட்டுச் சிற்றுண்டிக்குப் போய்விடுகிறோம். நெடும்பயணத்தில் நாய்க்கு நேரும் பெருந்தீங்கு இங்கேதான் நேர்கிறது. ஆகவே, வழியில் எவ்வாறு தங்கிச் செல்வது என்பதைச் சிறிது ஆராய்வோம்.

பெங்களூருவிலிருந்து ஓசூர், கிருஷ்ணகிரி, வேலூர் வழியாகச் சென்னைக்குச் செல்லும் சாலை ஏறத்தாழ 350 கிலோமீட்டர் நீளமுடையது. பெங்களூரு கடல் மட்டத்திற்கு மேல் சுமார் 900 மீட்டர் உயரத்தில் உள்ளது. ஓசூரைத் தாண்டியபின் சாலை மேட்டுநிலத்தை விட்டு இறங்கத் தொடங்குகிறது. வேலூரில் உயரம் சுமார் 220 மீட்டரே. மே மாதத்தில் அங்கே வெப்பம் 40 டிகிரி செல்சியஸைத் தாண்டுவது புதிதன்று. குளிர்ந்த விடியலில் புறப்பட்ட நாய், சில மணி நேரத்திற்குள் முற்றிலும் வேறான தட்பவெப்பத்தை அடைகிறது. குளிர்சாதனம் பொருத்திய வண்டியில் அமர்ந்திருக்கும் நமக்கு, கதவைத் திறக்கும் வரை இம்மாறுதல் தெரிவதில்லை.

மனிதன் உடல் முழுவதும் வியர்த்து வெப்பத்தைத் தணித்துக்கொள்கிறான். நாய்க்கோ உள்ளங்கால்களில் மட்டுமே சிறிதளவு வியர்க்கும். அது நாக்கைத் தொங்கவிட்டு மூச்சிரைத்து, வாயின் ஈரம் ஆவியாவதாலேயே குளிர்ச்சி பெறுகிறது. அதன் இயல்பான உடல் வெப்பம் 38 முதல் 39 டிகிரி வரை. அது 41 டிகிரியைத் தாண்டினால் உயிருக்கு ஆபத்து. பக், புல்டாக் போன்ற குறுமூக்கு நாய்கள் மூச்சிரைப்பதிலும் திறன் குறைந்தவையாதலால், அவை விரைவில் துன்புறும்.

வெயிலில் நிற்கும் மூடிய வண்டியினுள் பத்து நிமிடத்தில் வெப்பம் ஏறத்தாழ 10 டிகிரி உயரும்; அரை மணியில் 20 டிகிரி வரை உயரக்கூடும். கண்ணாடியைச் சிறிது இறக்கிவைப்பதால் பெரும்பயன் விளைவதில்லை. இதனை நாங்கள் பட்டே அறிந்தோம். ஒரு சித்திரை மாதத்தில், வேலூருக்கு அருகே ஓர் உணவு விடுதியின் முன் வேப்பமர நிழலில் வண்டியை நிறுத்தி, கண்ணாடிகளை இரு விரற்கடை இறக்கிவிட்டு உண்ணச் சென்றோம். உணவு வரத் தாமதமாயிற்று; அதற்குள் நிழல் விலகிவிட்டது. திரும்பி வந்து பார்க்கையில், எங்கள் நாய் எச்சில் ஒழுக, எழுந்து நிற்கவும் மாட்டாமல் கிடந்தது. அருகிலிருந்த குழாய் நீர் அன்று அதனைக் காத்தது.

இனி, தங்கும் முறையைக் கூறுவோம். இரண்டு மணி நேரத்திற்கு ஒரு முறை வண்டியை நிறுத்துதல் நலம். கிருஷ்ணகிரி, ஆம்பூர், காஞ்சிபுரம் ஆகிய ஊர்களின் அருகே தங்கினால் பயணம் ஏறக்குறைய அவ்வாறே பகுபடும். கதவைத் திறக்குமுன் சங்கிலியைப் பூட்டுதல் வேண்டும். புதிய இடத்தில் மிரண்ட நாய் நெடுஞ்சாலையில் பாய்ந்துவிடும். தாரின் மேல் புறங்கையை ஏழு வினாடி வைத்துப் பாருங்கள். நமது கை பொறுக்காத சூட்டை அதன் பாதமும் பொறுக்காது. மண்ணிலோ புல்லிலோ நடத்துக. தெருநாய்கள் கூடும் கடைவாயில்களைத் தவிர்த்தல் நன்று. வெறிநாய்க்கடித் தடுப்பூசியைப் பயணத்திற்கு முன்பே போட்டிருத்தல் வேண்டும்.

கோடையில் நான்கு மணிக்கு ஒரு முறையும், குளிர்காலத்தில் ஆறு மணிக்கு ஒரு முறையுமாவது நாய்க்குக் குடிநீர் தரவேண்டும் என்று 1978ஆம் ஆண்டின் விலங்குகள் போக்குவரத்து விதிகள் கூறுகின்றன. இது குறைந்த அளவே. ஒவ்வொரு நிறுத்தத்திலும் சிறிது சிறிதாகத் தருவதே சிறந்தது. உணவைப் புறப்படுவதற்குச் சில மணி நேரம் முன்னரே அளவாகக் கொடுத்துவிடலாம். ஆம்பூரில் நாம் பிரியாணி உண்ணலாம். அதன் மிச்சத்தை நாய்க்கு இடுதல் கூடாது. வெங்காயமும் பூண்டும் அதற்கு நஞ்சு. வெந்த எலும்பு சிதறிக் குடலைக் கிழிக்கும்.

நாய் இடையறாது மூச்சிரைத்து, எச்சில் வடித்துத் தள்ளாடினால், உடனே நிழலுக்குக் கொண்டு சென்று உடல் முழுவதும் குளிர்ந்த நீரை ஊற்றி விசிறுதல் வேண்டும். நீரை வாயில் வலிந்து புகட்டலாகாது. சிறிது தணிந்ததும் கால்நடை மருத்துவரிடம் விரைதல் வேண்டும். வழியிலுள்ள ஊர்களின் கால்நடை மருத்துவமனைகள் இருக்குமிடத்தை முன்கூட்டியே குறித்து வைத்துக்கொள்வது நல்லது.

குழந்தை தாகமெடுத்தால் கேட்கும், நாய் கேளாது. எனவே, விடுதியின் முன் வண்டி நின்றதும், ஒருவர் நாயுடன் நிழலில் இருக்க, மற்றவர் உண்டு வரட்டும். பின்னர் அவர் இருக்க, இவர் செல்லட்டும். இதனால் தாமதமாவது அரை மணி நேரமே.