தூரதேச வாணிகமும் உழைப்பவர் பங்கும்

திருச்சிராப்பள்ளியிலிருந்து மதுரைக்குச் செல்லும் பெருவழியில் விராலிமலையைக் கடந்து சிறிது தூரம் சென்றால் கொடும்பாளூர் வரும். இன்று அது ஒரு சிற்றூர். பூதி விக்கிரமகேசரி என்னும் இருக்குவேளிர் தலைவன் எடுப்பித்த மூவர் கோயிலில் எஞ்சி நிற்கும் இரு விமானங்களைக் காண அங்கே சிலர் வருகின்றனர். அவர்களுள் பலர் இவ்வூர் ஒரு காலத்தில் பேர் பெற்ற வணிகச் சந்தியாக இருந்ததை அறியார். உறையூரிலிருந்து மதுரைக்குச் செல்லும் வழி இவ்வூர் நெடுங்குளத்தை அடைந்தபின் மூன்றாகப் பிரிந்தது எனச் சிலப்பதிகாரத்தால் அறிகிறோம். வழி பிரியும் இடத்தில் சரக்குத் தங்கும். சரக்குத் தங்கும் இடத்தில் வணிகர் கூடுவர்.

தூரதேசங்களுடன் வாணிகமும் முதலீடும் பெருக வேண்டும் என்ற பேச்சு இன்று உலகெங்கும் கேட்கிறது. ஆப்பிரிக்க நாடுகளும் ஐரோப்பிய நாடுகளும் மாநாடு கூட்டுகின்றன. நம் நாடும் ஒப்பந்தங்கள் செய்கின்றது. வாணிகம் பெருகுவது நல்லதே. ஆயினும் நெய்கிறவனும் விளைவிக்கிறவனும் கேட்க வேண்டிய கேள்வி வேறொன்று உண்டு. பெருகும் லாபத்தில் நம் பங்கு எவ்வளவு? இக்கேள்விக்கு விடை தேட, நம் பகுதியின் பழைய செய்தியிலிருந்தே தொடங்கலாம்.

உறையூர்த் துணியும் உரோமப் பொன்னும்

கி.பி. முதல் நூற்றாண்டில் எகிப்து நாட்டுக் கிரேக்க வணிகர் ஒருவர் செங்கடல் முதல் நம் கரை வரையிலுள்ள துறைமுகங்களைப் பற்றி ஒரு கையேடு எழுதினார். 'பெரிப்ளூஸ்' என வழங்கும் அந்நூலில் 'அர்காரு' என்ற ஊரின் பெயரால் வழங்கிய மெல்லிய பருத்தித் துணி குறிக்கப்படுகிறது. அந்த அர்காரு நம் உறையூரே என்பது அறிஞர் கொள்கை. காவிரிக் கரைத் தறியில் நெய்த துணி கடல் கடந்து விலை போயிற்று என்பதற்கு இது அயலார் தந்த சான்று.

அதற்கு ஈடாக வந்தது பொன். புதுக்கோட்டைப் பகுதியைச் சேர்ந்த கருக்காக்குறிச்சியில் கிடைத்த புதையலில் 501 உரோமப் பொற்காசுகள் இருந்தன. 1898இல் அவற்றைப் பற்றிய விவரம் அச்சில் வெளிவந்தது. அகஸ்டஸ் முதல் வெஸ்பேசியன் வரையுள்ள பேரரசர்களின் காசுகள் அவை. அவற்றுள் மிகப் பலவற்றில் பேரரசனின் முகத்தின் குறுக்கே உளியால் வெட்டிய தழும்பு உண்டு. காசு தூய பொன்னா என்று சோதிக்க வெட்டினர் என்பர் சிலர்; அது மீண்டும் நாணயமாகச் செலாவணியாகாதிருக்க வெட்டினர் என்பர் வேறு சிலர். எவ்வாறாயினும் ஒன்று தெளிவு. இங்கிருந்தவர் அயல்நாட்டு அரசன் முகத்தைக் கண்டு மயங்கவில்லை. பொருளின் தரத்தையே பார்த்தனர்.

ஆப்பிரிக்கா வழியே ஐரோப்பாவுக்கு

நம் சரக்கு நேரே உரோமுக்குப் போகவில்லை. ஆப்பிரிக்காவைத் தொட்டே போயிற்று. கி.மு. 30இல் எகிப்து உரோமர் வசமானது. அதன்பின் எகிப்தின் செங்கடல் துறைகளான பெரனிகே, மியோஸ் ஹோர்மோஸ் இரண்டும் செழித்தன. மியோஸ் ஹோர்மோஸிலிருந்து மட்டும் ஆண்டுக்கு 120 கப்பல்கள் இந்தியாவை நோக்கிப் புறப்பட்டன என ஸ்ட்ராபோ எழுதினார். தென்மேற்குப் பருவக்காற்றில் வந்து, வடகிழக்குப் பருவக்காற்றில் திரும்புவர். பெரனிகேயில் அகழ்ந்தபோது ஒரு பெரிய இந்தியச் சாடியில் ஏழரைக் கிலோ மிளகு கிடைத்தது. மியோஸ் ஹோர்மோஸ் இருந்த குசேர் அல்-காதிமில் கண்ணன், சாத்தன் என்ற பெயர்கள் தமிழ் பிராமி எழுத்தில் பொறிக்கப்பட்ட மட்பாண்டத் துண்டுகள் கிடைத்துள்ளன. நம்மவரும் அங்கே சென்றிருந்தனர் என்பதற்கு இவை சான்று.

இந்த வாணிகம் எப்படி நடந்தது என்பதைக் காட்டும் ஓர் ஏடும் நமக்குக் கிடைத்திருக்கிறது. கி.பி. இரண்டாம் நூற்றாண்டைச் சேர்ந்த அப்பப்பைரஸ் ஏடு இப்போது வியன்னா தேசிய நூலகத்தில் உள்ளது. 1985இல் அது பதிப்பிக்கப்பட்டது. முசிறி வாணிகத்துக்காக வணிகன் ஒருவன் கடன் வாங்கி எழுதிய ஒப்பந்தம் அதன் ஒரு பக்கத்தில் இருக்கிறது. செங்கடல் துறையில் இறங்கும் சரக்கை ஒட்டகத்தில் ஏற்றிப் பாலைவனம் கடந்து நைல் நதிக்கரைக் கோப்டோஸ் நகரில் சேர்க்க வேண்டும். அங்கிருந்து படகில் அலெக்சாந்திரியாவுக்குக் கொண்டுபோக வேண்டும். வழி நெடுகச் சரக்கு கடன் கொடுத்தவரின் அதிகாரத்திலும் முத்திரையிலும் இருக்கும். தவணை தவறினால் அவர் சரக்கை எடுத்துக்கொள்ளலாம். மறு பக்கத்தில் 'ஹெர்மபோலோன்' என்ற கப்பலில் வந்த யானைத் தந்தம், சடாமாஞ்சில் முதலிய சரக்கின் கணக்கு உள்ளது. நான்கில் ஒரு பங்கு சுங்கம் கழித்த பிறகும் அதன் மதிப்பு ஏறக்குறைய 70 லட்சம் செஸ்டெர்ஸ் காசு.

இந்தியா ஆண்டுதோறும் 5 கோடி செஸ்டெர்ஸைக் கவர்ந்துகொள்வதாகவும், இங்கு வாங்கிய சரக்கு அங்கே நூறு மடங்கு விலைக்கு விற்பதாகவும் உரோமானிய ஆசிரியர் பிளினி குறைப்பட்டுக்கொண்டார். நூறு மடங்கு என்பது மிகையாகவே இருக்கலாம். ஆயினும் இடைவெளி பெரிதென்பதில் ஐயமில்லை. அந்த இடைவெளியில் யார் யார் நின்றனர்? கடன் கொடுத்தவர், கப்பலுக்குரியவர், சுங்கம் வாங்கியவர், மொத்த வியாபாரி. வியன்னா ஏட்டில் கடனுக்கும் முத்திரைக்கும் வரிக்கும் இடம் உண்டு. மிளகுக் கொடி வளர்த்தவனுக்கும் தறியில் அமர்ந்தவனுக்கும் அதில் ஒரு வரியும் இல்லை. கணக்கு யார் கையில் இருக்கிறதோ, லாபமும் அவர் கையிலேயே தங்கும் என்பது இதிலிருந்து நாம் அறியும் முதற் பாடம்.

மணிக்கிராமத்தார்

உரோம வாணிகம் தளர்ந்து பல நூற்றாண்டுகள் கழிந்தபின், கொடும்பாளூர் மீண்டும் வாணிகத்தில் பெயர் பெற்றது. இம்முறை பெயர் பெற்றது ஒரு சங்கத்தால். 'கொடும்பாளூர் மணிக்கிராமத்தார்' என்று கல்வெட்டுகள் குறிக்கும் வணிகர் குழு அது. மணிக்கிராமத்தார் உறையூரிலும் இருந்தனர். கடல் கடந்தும் சென்றனர். தாய்லாந்தில் தகுவாபா என்னுமிடத்தில் கிடைத்த ஒன்பதாம் நூற்றாண்டுத் தமிழ்க் கல்வெட்டு, அவனிநாரணம் என்ற குளத்தை மணிக்கிராமத்தாரின் காவலில் வைத்ததாகக் கூறுகிறது. வாணிகம் செய்யப் போன இடத்தில் குளத்தைக் காக்கும் பொறுப்பையும் ஏற்றனர் என்பது கவனிக்கத்தக்கது.

கொல்லத்தில் 849ஆம் ஆண்டு அளிக்கப்பட்ட தரிசாப்பள்ளிச் செப்பேடுகளும் மணிக்கிராமத்தைக் குறிப்பிடுகின்றன. அங்குள்ள கிறிஸ்தவப் பள்ளியிடம் நிறைகோலும் அளவுகளும் ஒப்படைக்கப்பட்டன. பள்ளியைக் காக்கும் பொறுப்பு அஞ்சுவண்ணம், மணிக்கிராமம் என்ற இரு குழுக்களுக்கும் தரப்பட்டது. சாட்சியமாக அரபு, பாரசீக, எபிரேய எழுத்துகளில் கையொப்பங்கள் உள்ளன. மொழியாலும் மதத்தாலும் வேறுபட்டவர் ஒரே சந்தையில் நம்பிக்கையோடு கொடுக்கல் வாங்கல் செய்ய, முதலில் தேவைப்பட்டது பொதுவான நிறைகோல்.

புதுக்கோட்டைச் சீமையின் தெற்கே உள்ள பிரான்மலையில் பதின்மூன்றாம் நூற்றாண்டுக் கல்வெட்டு ஒன்று உண்டு. வணிகக் குழுவினர் தங்கள் சரக்கின்மீது தாங்களே மகமை விதித்துக்கொண்டு அதைக் கோயில் திருப்பணிக்குக் கொடுத்ததை அது சொல்கிறது. பருத்தி, நூல், துணி, மிளகு, பாக்கு என்று சரக்கு தோறும் கணக்கு. தனி வணிகன் ஒருவனால் காவல் வைக்க முடியாது. நிறைகோலை நிலைநிறுத்த முடியாது. அரசனிடம் வரிச்சலுகை கேட்க முடியாது. கூடி நின்றதால் இவையெல்லாம் கைகூடின. ஆயினும் இவை வணிகரின் சங்கங்கள். உழைப்பவரின் சங்கங்கள் அல்ல. உழைப்பவர் தமக்கெனச் சங்கம் அமைக்கப் பல நூற்றாண்டுகள் காத்திருக்க நேர்ந்தது. 1844இல் இங்கிலாந்தின் ராச்டேல் நகரில், நெசவாளர் உள்ளிட்ட 28 பேர் சேர்ந்து கடை தொடங்கியபோது, அவர்கள் வாக்களித்ததும் கலப்பற்ற பொருளும் சரியான நிறையுமே ஆகும்.

இன்றைய ஆப்பிரிக்காவும் ஐரோப்பாவும்

இந்தப் பழைய பாடம் இன்றைய ஆப்பிரிக்க, ஐரோப்பிய வாணிகத்துக்கும் பொருந்துகிறதா என்று பார்ப்போம். 1975இல் லோமே ஒப்பந்தம், 2000இல் கொடோனு ஒப்பந்தம், 2023 நவம்பரில் சமோவா ஒப்பந்தம் என இரு கண்டங்களின் உறவு படிப்படியாகப் புதுப்பிக்கப்பட்டு வந்திருக்கிறது. 2022 பிப்ரவரியில் பிரஸ்ஸல்ஸில் கூடிய மாநாட்டில், ஆப்பிரிக்காவில் 15,000 கோடி யூரோ முதலீட்டைத் திரட்டும் திட்டத்தை ஐரோப்பிய ஒன்றியம் அறிவித்தது. ஆப்பிரிக்க நாடுகள் தமக்குள் சுங்கத் தடைகளைக் குறைத்துக்கொள்ள 2018இல் கிகாலி நகரில் ஒப்பந்தம் செய்தன. அதன்படி வாணிகம் 2021 ஜனவரி 1 அன்று தொடங்கியது.

இனி ஒரு பயிரை எடுத்துக்கொள்வோம். உலகின் கோக்கோவில் பாதிக்கு மேல் ஐவரி கோஸ்டும் கானாவும் விளைவிக்கின்றன. ஐரோப்பா அதை வாங்கி அரைத்து, சாக்லேட்டாக்கி விற்கிறது. அரைப்பதில் நெதர்லாந்து முன்னணி நாடுகளுள் ஒன்று. அந்நாட்டில் கோக்கோ விளைவதில்லை. ஐரோப்பிய ஒன்றியத்துடன் செய்த ஒப்பந்தங்கள் 2016 முதல் நடைமுறைக்கு வந்ததால், இவ்விரு ஆப்பிரிக்க நாடுகளின் சரக்குகளுக்கு அங்கே சுங்கம் இல்லை. அப்படியிருந்தும் விளைச்சலில் பெரும் பகுதி இன்னும் கொட்டையாகவே கப்பலேறுகிறது. காரணம் என்ன? இயந்திரம், மின்சாரம், கடன், சந்தைப் பெயர் ஆகியவை வேறிடத்தில் இருக்கின்றன. நம் பஞ்சு லங்காஷயருக்குப் போய்த் துணியாகத் திரும்பி வந்த காலத்தை எண்ணிப் பார்த்தால், இது நமக்கு விளங்காத செய்தியன்று. ஒப்பந்தம் கதவைத் திறக்கும். உள்ளே தூக்கிக்கொண்டு போகாது.

கதவு திறந்தபோது தாமாக எழுந்து உள்ளே சென்றவர்களும் உண்டு. டான்சானியாவில் கிளிமஞ்சாரோ மலைச்சாரல் காப்பி விவசாயிகள் 1933இல் கூட்டுறவு ஒன்றியம் அமைத்தனர். கானாவில் 1993இல் கோக்கோ விவசாயிகள் 'குவாபா கோக்கூ' என்ற சங்கத்தைத் தொடங்கினர். ஊர்தோறும் உறுப்பினர்கள் தம்முள் ஒருவரைத் தேர்ந்தெடுத்து, கொட்டையை நிறுத்துக் கணக்கெழுதும் பொறுப்பை அவரிடம் விட்டனர். தராசு தம்மவர் கைக்கு வந்தது. பின்னர் 1998இல் இங்கிலாந்தில் ஒரு சாக்லேட் நிறுவனம் அமைந்தபோது, அதில் அச்சங்கம் பங்குதாரராகவும் சேர்ந்தது. முதலீடு என்றால் ஐரோப்பாவிலிருந்து ஆப்பிரிக்காவுக்குப் போவது என்றே எண்ணுகிறோம். இங்கே விவசாயிகளின் பங்கு ஆப்பிரிக்காவிலிருந்து ஐரோப்பாவுக்குப் போயிற்று.

நாம் செய்யத்தக்கது

சுவிட்சர்லாந்து, நார்வே, ஐஸ்லாந்து, லிச்டென்ஸ்டைன் ஆகிய நான்கு நாடுகளுடன் இந்தியா 2024 மார்ச் 10 அன்று வாணிக ஒப்பந்தம் செய்தது. அது 2025 அக்டோபர் 1 அன்று நடைமுறைக்கு வந்தது. பதினைந்து ஆண்டுகளில் 10,000 கோடி டாலர் முதலீட்டை இந்தியாவுக்குக் கொணர முயல்வது அதன் குறிக்கோள். பிரிட்டனுடனும் 2025 ஜூலை 24 அன்று ஒப்பந்தம் கையெழுத்தாயிற்று. இச்செய்திகளைப் படிக்கும்போது நம் அங்கத்தினர்கள் தம் சங்கத்தைப் பற்றி மூன்று கேள்விகள் கேட்டுக்கொள்வது நலம்.

முதலாவது, நிறையும் தரமும் யார் கையில்? நூலின் எண்ணும் சாயத்தின் உறுதியும் துணியின் அகலமும் சொன்னபடி இருந்தால் அயல்நாட்டார் மறுமுறையும் கேட்பர். ஒருவர் செய்யும் குறை சங்கம் முழுவதன் பெயரைக் கெடுக்கும். இரண்டாவது, கணக்கு யார் கையில்? சரக்கு எங்கே, என்ன விலைக்குப் போகிறது, இடையில் யார் யார் எவ்வளவு எடுக்கின்றனர் என்பது பேரேட்டில் இருக்க வேண்டும்; பொதுக்குழுவில் படிக்கப்படவும் வேண்டும். மூன்றாவது, கடைசி வேலை யார் கையில்? பஞ்சாக விற்பதைவிட நூலாக, நூலைவிடத் துணியாக, துணியைவிட முடிந்த ஆடையாக விற்கும்போதே கூலியும் லாபமும் ஊரில் தங்கும். 1935இல் தொடங்கிய தமிழ்நாட்டுக் கைத்தறி நெசவாளர் கூட்டுறவு அமைப்பான கோ-ஆப்டெக்ஸ், நெசவாளரின் துணியைத் தன் கடைகளிலேயே விற்பதன் கருத்தும் இதுவே.

உறையூர்த் துணியின் பெயர் அயலார் ஏட்டில் நிலைத்தது. அதை நெய்தவர் எவர் என்பது எந்த ஏட்டிலும் இல்லை. இனி எழுதப்படும் ஏட்டில் நெய்தவர் பெயரும் விளைவித்தவர் பங்கும் இடம்பெற வேண்டுமானால், அந்த ஏடு நம் சங்க அலுவலகத்தில் நம் கையாலேயே எழுதப்பட வேண்டும். அடுத்த பொதுக்குழுக் கூட்டத்துக்கு ஒவ்வோர் அங்கத்தினரும் தவறாது வந்து, பேரேட்டைக் கேட்டு வாங்கிப் பார்ப்பாராக.